மஞ்சள் கிண்ணத்துக்கு வழி

பிப்ரவரி 3, செவ்வாய்

அச்சகத்திலிருந்து எங்கள் பயண நிறுவனத்தின் புதிய கையேடு வந்தது. இருபது பக்கம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. அட்டையில் குட்டி நிற்கிறாள்.

குட்டி என் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். முப்பத்து மூன்று ஆகிறது, இன்னும் எல்லோருக்கும் குட்டிதான். வெடித்த மஞ்சள் தரைமேல் இடுப்பில் கை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் பச்சைத் தண்ணீர். இந்தப் பூமியில் எடுத்த படம் என்றால் நம்புவது கடினம். முதலாளியம்மா கையேட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, இவளுக்காகவே பத்துப் பேர் வருவார்கள் என்றார்.

முப்பது கட்டு, கட்டுக்கு ஐம்பது. நான்தான் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். ஆயிரத்து ஐந்நூறு குட்டிகள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், அலுவலகத் தொலைபேசி எண். அதுதான் நான்.

பிப்ரவரி 5, வியாழன்

யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். அட்டையில் இருக்கும் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான்.

அங்கே உப்பு வெட்டுகிறவர்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த இடம், சரி. எங்கள் நிறுவனத்துக்காகக் கண்டுபிடித்தது நான். நாங்கள் மலைவாசம், கடற்கரை என்று யாரையும் அழைத்துப் போவதில்லை. பனிக்குகை, கல் காடு, சாம்பல் பாலைவனம் என்று வேறு கிரகத்தில் இறங்கியது போன்ற இடங்களைத் தேடி வருகிறவர்கள்தான் எங்கள் பயணிகள். ஐந்து வருடங்களுக்கு முன் புது இடம் ஒன்று வேண்டும் என்றார் முதலாளியம்மா. நிலவியல் துறையின் பழைய வரைபடத்தையும் வானத்திலிருந்து எடுத்த படங்களையும் மேஜையில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு மூன்று மாதம் உட்கார்ந்தேன். கடல் மட்டத்துக்கும் கீழே ஒரு உப்புச் சமவெளி. நடுவில் கொதிக்கும் ஊற்றுகள். கந்தகம் படிந்து மஞ்சள், ஏதேதோ தாது கலந்து பச்சை. பெயர்கள்கூட நான் வைத்ததுதான் - மஞ்சள் கிண்ணம், பச்சைக் கண், உப்புக் காளான்.

முதல் பயணத்தை நானே நடத்துவதாக இருந்தது. புது பூட்ஸ் வாங்கியாயிற்று. மூன்று வாரம் இருக்கும்போது மகளுக்கு அம்மை போட்டது. நான்கு நாள் இருக்கும்போது அவளிடமிருந்து எனக்கு. முப்பத்து நான்கு வயதில் முகமெல்லாம் கொப்புளத்தோடு பாயில் கிடந்தேன். குட்டி அப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விடுமுறையில் இருந்தாள். "நான் வேணா போயிட்டு வரேன்க்கா. ஒரு தடவைதானே" என்றாள்.

ஒரு தடவைதான். ஐந்து வருடமாக அவள்தான் போகிறாள்.

பூட்ஸும் அவள் காலுக்குச் சரியாக இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

குட்டி மதியம் சாப்பிட வந்தாள். வந்தால் வீடே அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இவர் செய்தித்தாளை மடித்து வைக்கிறார். நான் பேசினால் மடிப்பதில்லை. மகள் சித்தியின் தோளைவிட்டு இறங்கவில்லை, பதினொரு வயதில். அவள் படிக்கும் மேஜைக்கு மேலே கையேட்டின் அட்டையைக் கிழித்து ஒட்டியிருக்கிறாள். உள்ளே இருக்கும் பக்கங்கள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது குட்டி சொன்னாள், நீயும் ஒரு தடவை வந்து பார்க்கணும் அக்கா, என்று. எதிர்க்கடைக்கு வா என்கிற மாதிரி. மேஜையை யார் பார்த்துக்கொள்வது என்றேன். சிரித்தாள். அவள் சிரிப்பில் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தும் மாலை வரை வயிறு எரிந்தது.

ஒரு கேள்வி, நேர்மையாக. இந்த ஐந்து வருடத்தில் நான் போகிறேன் என்று ஒரு தடவையாவது வாய்விட்டுக் கேட்டேனா? இல்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

கேட்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

குட்டியின் குழு இன்று கிளம்பியது. ஆறு பயணிகள்: ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அவர் மனைவி, வங்கியில் வேலை செய்யும் மூன்று தோழிகள், தாடிக்காரர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் எத்தனை லிட்டர் தண்ணீர், யாருக்கு என்ன மாத்திரை, எந்த நாள் எந்தப் பக்கம் - எல்லாம் என் அட்டவணைப்படி.

உள்ளே போய்விட்டால் சாதாரண கைப்பேசி எடுக்காது. சாட்டிலைட் போன் ஒன்று குட்டியிடம் இருக்கிறது. சார்ஜ் மிச்சம் பிடிக்க, மாலை ஐந்து முதல் ஐந்து பத்து வரை மட்டும் திறந்து வைப்பாள். சொல்ல ஏதாவது இருந்தால் நான் இங்கிருந்து கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். இதுவும் நான் போட்ட விதி.

வண்டியில் ஏறும்போது தாடிக்காரர் என்னைப் பார்த்து, நீங்கள் வரவில்லையா என்றார். நான் பதில் சொல்வதற்குள் குட்டி, "அக்காதான் எங்களுக்கு எல்லாம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சமையல்காரியைப் பாராட்டும்போது ஆட்டுவார்களே, அப்படி.

பிப்ரவரி 20, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் பத்திரிகை வந்தது. குட்டியின் பேட்டி, நான்கு பக்கம். "வேற்றுலகின் வாசலில் ஒரு பெண்." படித்தேன். நின்றுகொண்டே படித்தேன். மூன்றாம் பக்கத்தில், இந்த அழகான பெயர்களை யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லியிருக்கிறாள் - அங்கே போய் நின்றதும் வாயில் தானாக வந்தது, மஞ்சள் கிண்ணம் என்று. அந்த மண்ணை எனக்கு வாசனையிலேயே தெரியும் என்றும் சொல்லியிருக்கிறாள். அக்கா என்ற சொல்லைத் தேடினேன். விரல் வைத்துத் தேடினேன். நாலு பக்கத்துல ஒரு இடத்துலகூட இல்ல.

நாலு இருபதுக்கு உப்புக்காரர் கூப்பிட்டார். சமவெளியின் ஓரத்தில் உப்பு வெட்டுகிற பெரியவர். தரை எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லச் சொல்லி நான்தான் ஐந்து வருடமாக அவரோடு பேசி வருகிறேன். இரண்டு நாளுக்கு முன் மலைப்பக்கம் மழை பெய்திருக்கிறது, தண்ணீர் அடியில் இறங்கி வருகிறது, வடக்குப் பக்கம் மேலே மூடியிருக்கும் உப்புத் தோடு மெலிந்துவிட்டது, வண்டியை அங்கே விடவே கூடாது என்றார். தாளில் எழுதிக்கொண்டேன். நாளை விடிந்ததும் வடக்கு வழியாகத்தான் மஞ்சள் கிண்ணத்துக்குப் போவார்கள். என் அட்டவணை.

ஐந்து மணி ஆயிற்று. போன் பக்கத்தில் இருந்தது. பத்திரிகையும் பக்கத்தில் இருந்தது, திறந்தபடி.

வாசனையிலேயே தெரியும் என்றாளே. தெரியட்டும்.

எடுக்கவில்லை. ஐந்து நாலு. ஐந்து ஏழு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி இனிப்பாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு.

ஐந்து பன்னிரண்டுக்குச் சட்டென்று எழுந்து கூப்பிட்டேன். அணைத்துவிட்டாள். மறுபடி. மறுபடி. உப்புக்காரரைக் கூப்பிட்டு முகாமுக்கு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன். தண்ணீர் வந்தபின் இந்தப் பக்கமிருந்து வண்டி போகாதும்மா என்றார்.

அவளுக்குத் தெரிந்துவிடும். தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவள் கெட்டிக்காரி.

பிப்ரவரி 21, சனி

காலை ஏழிலிருந்து கூப்பிடுகிறேன். பத்து நாற்பதுக்கு அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது தாடிக்காரர்.

வண்டியின் முன் சக்கரங்கள் உள்ளே போய்விட்டன. பல் மருத்துவரின் மனைவி பதறி இறங்கியிருக்கிறார், காலடியில் தரை உடைந்திருக்கிறது. குட்டி பாய்ந்து அவரை இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். தள்ளிய வேகத்தில் அவள் வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. அடியில் இருந்தது கொதிநீர்.

பிப்ரவரி 23, திங்கள்

மருத்துவமனை. உயிருக்கு ஆபத்து இல்லை. காலின் தோல் பெரும்பகுதி போய்விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டுமாம், ஒரு தடவையில் முடியாதாம்.

பல் மருத்துவர் வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் தங்கை தெய்வம் என்றார். அந்த நிமிடத்திலும் - இதை எழுத வேண்டும் - அந்த நிமிடத்திலும் எனக்குள் ஒன்று, இப்போதும் அவள்தானா என்றது. நான் என்ன பிறவி?

மழைச் செய்தி எதுவும் வந்ததா என்று முதலாளியம்மா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உப்புக்காரர் சொன்னதை எழுதிய தாள் என் கைப்பையில்தான் இருந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

தாளைக் கிழிக்கவும் முடியவில்லை.

மார்ச் 4, புதன்

உப்புக்காரர் கூப்பிட்டார். விஷயம் இப்போதுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"நான் சொன்ன சேதி தங்கச்சிக்குக் கிடைக்கலையாம்மா?"

லைன் கிடைக்கவில்லை என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். அவர் சொன்னார், "என் தப்புதான். மத்தியானமே தெரியும் எனக்கு. மூட்டை ஏத்தி முடிச்சிட்டு கூப்பிடலாம்னு இருந்துட்டேன்."

இல்லை என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்த மனிதர் இனி எத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டு உப்பு வெட்டுவார்?

மார்ச் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அறையில் வேறு யாரும் இல்லை. காலுக்கு மேல் போர்வை படாமல் இருக்கக் கம்பி வளைவு ஒன்று வைத்திருந்தார்கள். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. பத்திரிகை, உப்புக்காரர், கடிகாரம் - எல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். முடிந்ததும் குட்டி கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு நீ எங்க இருந்த?"

"மேஜையில."

"போன்?"

"பக்கத்துலதான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கம்பி வளைவைப் பார்த்தாள். "நான் அன்னைக்கு பத்து நிமிஷமும் கையிலயே வெச்சிருந்தேன். ஒண்ணும் இல்லன்னாலும் நீ சும்மா ஒரு தடவை கூப்பிடுவல்ல. ஏன் கூப்பிடலன்னு நெனச்சேன். வேலையா இருப்பன்னு அணைச்சேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"கதவச் சாத்திட்டுப் போக்கா."

சாத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

முதலாளியம்மாவிடமும் சொன்னேன். தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். ராஜினாமாக் கடிதமும் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிரிக்கவே இல்லை.

"அனுப்பிட்டா உனக்கு நிம்மதியாப் போயிடும். இங்கயே இரு" என்றார்.

போன் இனி என் மேஜையில் இருக்காது. பல் மருத்துவரின் மனைவிக்கும் மற்ற ஐந்து பேருக்கும் நடந்ததை எழுதி, நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எழுதினேன். உப்புக்காரருக்கு எழுத்து தெரியாது, அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. சரிம்மா என்றார். திட்டியிருக்கலாம்.

இவரிடம் வீட்டில் சொன்னபோது செய்தித்தாளை மடித்து வைத்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் சித்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிறாள்.

ஜூன் 9, செவ்வாய்

அக்டோபரில் சமவெளிப் பயணம் மறுபடி ஆரம்பமாக வேண்டும். குட்டிக்கு இரண்டாம் தடவை தோல் வைத்திருக்கிறார்கள், கைத்தடியோடு நடக்கிறாள். இந்த வருடம் முடியாது. அந்த வழி தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. முதலாளியம்மா என் முகத்தைப் பார்க்காமல், நீ போ என்றார்.

மாட்டேன் என்றேன். உடனே சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் உள்ளே ஒன்று துள்ளியது. வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஜூலை 14, செவ்வாய்

குட்டி அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு மாடி, கைத்தடியோடு. படியில் தடி தட்டும் சத்தம் கேட்டது, யாரோ என்று நினைத்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

"நீ போகணும்" என்றாள். "உனக்காகச் சொல்லல. இந்த வருஷம் விட்டா அந்த வழி நம்ம கையை விட்டுப் போயிடும்."

தண்ணீர்க் குவளையை மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் பேரெல்லாம் நான் வெச்சதுன்னு சொன்னது தப்புதான். ஆனா அதுக்கு இது சரின்னு ஆகாது."

"ஆகாது" என்றேன்.

"போன் இங்க என்கிட்ட இருக்கும். அஞ்சு மணிக்கு நான் இருப்பேன்." எழுந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, தானே இறங்கினாள். பின்னாலேயே போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

முகாம். கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே வெயில் இன்னும் இருக்கிறது.

விடிந்ததும் போனோம், தெற்கு வழியாக. உப்புக்காரர் இரும்புக் கம்பியால் தரையைத் தட்டித் தட்டி முன்னால் நடந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் பேசவில்லை. பிறகு, "பார்த்து வாங்க, அங்க வழுக்கும்" என்றார்.

ஐந்து வருடம் பூதக்கண்ணாடியில் பார்த்த இடம். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. முதலில் வந்தது நிறம் அல்ல, நாற்றம். அழுகிய முட்டையும் எரிந்த தீக்குச்சியும் சேர்ந்த மாதிரி. என் ஆறு பயணிகளுக்கு முன்னால், மண்டியிட்டு, வாந்தி எடுத்தேன். ஒரு பெண் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்து நடந்தேன். காலடியில் தரை மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே எங்கோ கொதிக்கும் சத்தம், மூடி போட்ட பானை போல. இடுப்பளவு உப்புக் காளான்கள் தூய வெள்ளையில், ஒற்றைக் காலில் நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரே மஞ்சள், கண் கூசுகிற மஞ்சள், ஓரம் துரு நிறம். அதன் மேல் படிப்படியாகத் தேங்கிய பச்சைத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஒரு பறவை இல்லை, ஒரு பூச்சி இல்லை. எனக்குள் இருந்தது பயமா, சந்தோஷமா?

மஞ்சள் கிண்ணம் கிண்ணமே இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் பள்ளம் போலத் தெரிந்தது உண்மையில் மேடு. கவிழ்த்து வைத்த கிண்ணம். குட்டி முதல் நாளே பார்த்திருப்பாள். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வடக்குப் பக்கத்தை உப்புக்காரர் தூரத்திலிருந்தே கையால் காட்டினார். உடைந்த இடம் மறுபடி வெள்ளையாக மூடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் போனைத் திறந்தேன். திறந்த கையோடு அடித்தது. காற்று, தண்ணீர், நாளை எந்த வழி என்று மட்டும் குட்டி பேசினாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 22, வியாழன்

வங்கித் தோழிகள் மூவரில் ஒருத்தி மறுபடி வந்திருக்கிறாள். என் கடிதத்தைப் படித்தவள். இன்று உப்புக் காளான்களுக்கு நடுவே பக்கத்தில் வந்து, உங்களோடு வருவதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன் என்றாள். சரிதான் என்றேன். பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

நவம்பர் 1, ஞாயிறு

குட்டி இன்று வீட்டுக்கு வந்தாள். மகள்தான் போய் அழைத்து வந்தாள். நான் அழைத்திருந்தால் வந்திருப்பாளோ என்னவோ.

சாப்பிட்டு முடிந்ததும் மகள் ஆரம்பித்தாள், அம்மா, அங்கே எப்படி இருந்தது, ஒன்று விடாமல் சொல், என்று. சொன்னேன். நாற்றம், வாந்தி, காளான். இவர்கூடச் சிரித்தார். சொல்லச் சொல்ல எனக்கே சூடு பிடித்துவிட்டது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பச்சைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது குட்டி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறையில் குழாய் திறந்தது. நாலு தட்டுக்கு அத்தனை தண்ணீர் வேண்டாம்.

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். ஐந்து வருடம் அவள் போய்வந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்த என்னைவிட யாருக்குத் தெரியும்?

பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பக்கத்தில் நின்று அவள் கழுவியதைத் துடைத்தேன். குட்டி திரும்பவில்லை.

"பச்சைக் கண்ணுல ஓரம் கறுத்திருக்கா?" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

"கறுத்திருக்கு."

"எவ்வளவு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். துணி ஒரு கையில், தட்டு ஒரு கையில்.

"அவ்வளவெல்லாம் இருக்காது."

"அடுத்த வருஷம் நீ போய்ப் பாத்துட்டு சொல்லு."

அவள் குழாயை மூடினாள். கூடத்திலிருந்து மகள், மீதியை யார் சொல்லப் போகிறீர்கள் என்று கத்தினாள். குட்டி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், கைத்தடியை எடுத்தாள், என்னைத் தாண்டிப் போனாள். போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அவளே தொடங்கினாள்.

நான் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். குட்டி சொன்னதில் இரண்டு இடம் இப்போது அப்படி இல்லை. நான் திருத்தவில்லை.